எல்லா விளக்கும் பச்சை

ஜூலை 9, வியாழன். இரவு.

ஸ்டெல்லா டீச்சரின் மகன் ஜெபின் கத்தாரில், தோகாவில் வேலை பார்க்கிறான். லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் அடக்க ஆராதனையை எங்கள் சர்ச்சின் நேரலையில்தான் அவன் பார்க்க வேண்டியிருந்தது. சர்ச் ஆபீசில் கேமராவையும் இன்டர்நெட்டையும் கவனிப்பது நான்.

ஆட்கள் வருமுன் மேசையைத் துடைத்தேன். இன்டர்நெட் வயர்களையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சிலிருந்து ஒரு வயரின் மறுமுனை சும்மா தொங்கியது. பார்க்க அலங்கோலமாக இருந்தது. அதையும் அதே சுவிட்சில் காலியாகக் கிடந்த ஒரு போர்ட்டில் செருகிவிட்டேன்.

ஆராதனை தொடங்கியதும் ஜெபின் கூப்பிட்டான்.

“எக்கா, ஒண்ணும் தெரியல்லியே. வட்டம் மட்டும் சுத்துது.”

சுவிட்சைப் பார்த்தேன். எல்லா விளக்கும் பச்சையாகப் படபடவென்று மின்னின. பச்சை என்றால் நல்லது என்றுதானே நினைப்போம்.

“இங்க கொழப்பம் ஒண்ணுமில்ல மக்கா. உனக்க போனைப் பாரு.”

மூன்று முறை கூப்பிட்டான். மூன்று முறையும் அதையே சொன்னேன். அதற்குள் டீச்சரின் சவப்பெட்டியை மூடிவிட்டார்கள்.

சாயங்காலம் அஞ்சுகிராமத்திலிருந்து கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்தார்.

“ஒரே வயருக்க ரெண்டு முனையையும் இதுலயே குத்தி வெச்சிருக்கியளே. டேட்டா வெளிய போவாம உள்ளயே கெடந்து சுத்தும். அதான் இந்த மின்னல்.”

ஒரு முனையை உருவினார். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. அந்த வயர் தொங்கியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜெபினைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். “கொழப்பமில்ல எக்கா” என்றான்.