வாட்ச் கட்டாத கை

செவ்வாய், இரவு.

கோபம் அடங்கவே இல்லை. எழுதினாலாவது அடங்குகிறதா பார்க்கிறேன்.

எங்கள் நாலு வயது மகள் மகிழினிக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று போன வாரம் டாக்டர் சொன்னார். எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணும் வாட்ச் ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் அவள் கையிலேயே இருக்கட்டும் என்றார். இன்று அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, நல்லா ஓடியாடுறா. அப்புறம் ஏன் பிரஷர் இப்படி இருக்கு? எதுக்கும் ஹார்ட்டுக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்" என்றார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹைதராபாத் கச்சிபௌலி சிக்னலில் கார் நின்றபோது மகிழினிதான் அவளுக்குப் பழகிய தெலுங்கில் போட்டு உடைத்தாள். "மம்மி, வாட்ச் டாடி பெட்டுகுன்னாடு. டாடி வாக்கிங், நேனு டிவி."

தினமும் சாயங்காலம் இவர்தான் அதைக் கட்டிக்கொண்டு நடக்கப் போயிருக்கிறார், இவள் டிவி பார்த்திருக்கிறாள்!

"ஏங்க, டாக்டர்கிட்ட வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நாள் பூரா உக்காந்தே இருக்கான்னு தெரிஞ்சா நம்மளத்தான திட்டுவாங்க..."

திட்டு வாங்கப் பயந்து, பெற்ற பெண்ணை ஸ்கேனில் படுக்க வைக்கத் துணிந்த மனுஷன். வீடு வரும்வரை கத்தினேன்.

காலையில் நானே டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுவேன். ஆனால் இவர் நடக்கப் போன ஏழு சாயங்காலமும் அவளை டிவி முன்னால் உட்கார வைத்துச் சோறு ஊட்டியது நான்தானே. அந்த வெறுங்கை என் கண்ணில் படவே இல்லை.