வலது காலுக்குத் தெரியாத சூடு

இன்று மத்தியானம் மலேசியாவின் கோலா கெத்தில் ஊர்க் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் கால் வைத்தேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இடது கால் துள்ளி எழுந்தது. வலது கால் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் அங்கேயே நின்றது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் கோயில் வாசல் என்றும் பார்க்காமல், "டேய், எட்றா கால" என்று கத்தியிருப்பாய்.

லங்காவித் தீவில் நாம் இருவரும் ஒரே கம்பெனியில் டைவிங் வேலை பார்த்தோம். சுற்றுப்பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறையும் மீனும் காட்டுகிற வேலை. நீ ஜித்ராவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, நான் பாமாயில் எடுக்கும் செம்பனை எஸ்டேட்காரன். "கடலே இல்லாத ஊர்ல பொறந்த ரெண்டு பேரு கடலுக்கு வழிகாட்டுறோம்" என்று சிரிப்பாய்.

அன்றைக்கு நங்கூரக் கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. காலையிலிருந்து பயணிகளோடு பலமுறை இறங்கிக் களைத்திருந்தும், கயிற்றை விடுவிக்க நான்தான் மறுபடி மறுபடி இறங்கினேன், அவசர அவசரமாக மேலே வந்தேன். ஆழத்தில் உடம்புக்குள் கரையும் காற்று, வேகமாக மேலே வந்தால் குமிழ் கட்டிவிடும் என்று தினமும் பயணிகளுக்குப் பாடம் எடுப்பவனும் நானேதான். போட்டில் ஏறிய சற்று நேரத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. போட் ஓட்டும் அண்ணன், "காத்து புடிச்சிருக்கு, தைலம் தேச்சா சரியாயிடும்லா" என்று பாட்டிலைத் திறந்தார். நம் ஊரில் எந்த நோய்க்கும் முதல் பெயர் காற்றுதானே. நீ என் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை அழுத்திக்கொண்டே, "காத்துதாண்ணே. ஆனா தைலத்துக்கு அடங்குற காத்து இல்ல. போட்டத் திருப்புங்க" என்றாய்.

ஆஸ்பத்திரியில் இரும்பு உருளை போன்ற அழுத்த அறைக்குள் படுக்கவைத்து, நாள் கணக்கில் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். போகும்போது தூக்கிக்கொண்டு போன என்னை, வரும்போது நடக்கவைத்து அனுப்பினார்கள். எல்லோரும் குணமாகிவிட்டது என்றார்கள். டாக்டர் மட்டும், "கொஞ்சம் மிச்சம் இருக்கும். போனாலும் போகும், தங்கினாலும் தங்கும்" என்றார். அந்த மிச்சம் என்ன என்பதைக் கண்டுபிடித்தவன் நீ.

நாம் தங்கியிருந்த அறையில், களைப்புக்கு நல்லது என்று வெந்நீரை ஒரு வாளியில் ஊற்றி இரண்டு காலையும் விட்டேன். இடது கால் உடனே வெளியே வந்துவிட்டது. வலது காலை உள்ளேயே வைத்துக்கொண்டு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நீ பேச்சை நிறுத்திவிட்டு வாளியில் கையை விட்டாய், வெடுக்கென்று எடுத்தாய். என் காலைத் தூக்கி வெளியே வைத்தபோது தோல் செக்கச்செவேலென்று இருந்தது. "நெசமாவே தெரியலையாடா?" என்றாய். தெரியவில்லை. தொட்டால் தெரிந்தது, குத்தினால்கூட லேசாகத் தெரிந்தது. சூடு மட்டும் அந்தக் காலை விட்டுப் போயிருந்தது.

அன்றிலிருந்து நான் குளிக்கும் முன் வாளியில் கைவிட்டுப் பார்ப்பது உன் வேலையாகிவிட்டது. கடலில் இறங்குமுன் ஒருவர் சாமானை மற்றவர் சோதிப்பது நம் வழக்கம். அதை நீ குளியலறைக்கும் கொண்டுவந்தாய். எனக்கு எரிச்சலாக வரும். வாங்க மாப்பிள்ளை என்று என் மானத்தை வாங்கிக்கொண்டே தண்ணீரைக் கலக்குவாய்.

அதற்குள் அம்மா, மகன் நடந்து வந்தால் பூக்குழி இறங்குவான் என்று எஸ்டேட் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் நீ ஜித்ராவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் நின்றாய். கோயில் தலைவரும் அங்கே இருந்தார். நீ விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சூடு தெரியலன்னா அது ஆத்தா அருளு தம்பி. நெருப்புல நடக்க இதவிட என்ன வேணும்?" என்றார்.

நீ தரையில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாய். "அம்மா, ஒங்க சாமி காரியத்துல நான் வாய் வெக்கக் கூடாது. ஆனா சூடு தெரியிறவன் ஓடிருவான். இவன் நிப்பான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

அம்மா குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு, "ஆத்தா திருப்பிக் குடுத்த கால அவ நெருப்புலயே வேகவெச்சா அவளுக்கே அடுக்காது. பால்குடம் எடுக்கட்டும்" என்றார். தலைவர் எழுந்து போய்விட்டார். நீ அன்று எங்கள் வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாய்.

கடலுக்குத் திரும்பலாம் என்று முதலாளி கூப்பிட்டபோதும் நீ அதையேதான் சொன்னாய். "அந்தக் காத்து மறுபடி புடிச்சா, மரத்த காலோட ஒனக்கு எப்படித் தெரியும்? நான் ஒங்கூட எறங்க மாட்டேன்." வேறு யார் என்னோடு இறங்கியிருந்தாலும் நான் போயிருப்பேன். என்னோடு இறங்கக் கூடாது என்று நீ மற்றவர்களிடமும் சொல்லி வைத்துவிட்டாய். கடல்தான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. கம்பெனிக் கடையில் உட்கார்ந்து டைவிங் டேங்குக்குக் காற்று நிரப்புகிறவனாக என்னை ஆக்கிவிட்டாய் என்று உன்னோடு பல மாதம் பேசவில்லை. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தோடு இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். நான் பேசாத அந்த மாதங்களிலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் செய்வாய். "கால் என்ன சொல்லுது?" என்று கேட்பாய், பதில் வராவிட்டால் வைத்துவிடுவாய்.

இப்போது அந்த போன் வருவதில்லை. கால் அப்படியேதான் இருக்கிறது, சாயங்காலமானால் ஊசி குத்துகிறது. வாளியில் நானே கைவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு முறைதான் வேறொருவருக்காகப் பார்த்தேன். மாரடைப்பில் நீ போன அன்று, ஜித்ரா வீட்டுக் கொல்லையில், உன்னைக் குளிப்பாட்டுவதற்காக உன் தம்பி வாளியில் வெந்நீர் கலந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணே, சூடு சரியா இருக்கா பாருங்க" என்றான். கையை விட்டேன். கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.