எட்னாவின் வாசல் பனி

பெப்ரவரி 11, புதன்

பக்கத்து வீட்டு எட்னா செத்து மூன்று கிழமையாம். வீட்டுச் சாமான்களை ஏற்ற வந்த மகன் இன்றைக்குத்தான் சொன்னான். ஆஸ்பத்திரியில் நடந்ததாம். இது தெரியாமல் நான் பனி கொட்டிய நாளெல்லாம் அவருடைய வாசலையும் துப்புரவாக்கியிருக்கிறேன். அங்கே ஒரு காலடித் தடம்கூட இல்லாததைக் கவனிக்கவில்லை.

"பக்கத்து வீடப்பா! ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே," என்று மனைவி அழுதாள். எங்கோ டென்மார்க்கில் இருக்கும் முகம் தெரியாத எங்கள் ஊர்க்காரர் செத்தால், உடல் குளிரமுன்னமே என் போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது.

எட்னாவின் தாய் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு சின்ன டவுனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். தேத்தண்ணி குடிக்க வந்தால் எட்னாவுக்கு அந்தக் கதைதான். யாராவது செத்தால் தாய் எல்லா வீட்டு டெலிபோனுக்கும் ஒரே நேரத்தில், நீளமாக மணி அடிப்பாராம். ஊரே ரிசீவரைத் தூக்குமாம். பெயரை மட்டும் சொல்லுவாராம். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுச் சனம் செத்த வீட்டுக்கு வெளிக்கிடுமாம்.

மகனிடம் இதைச் சொன்னேன். அவனுக்குத் தெரியாதாம். லொறிக்காரன் கூப்பிட, போய்விட்டான்.

திரும்பவும் பனி கொட்டுகிறது. விடிந்தால் என் கை தன்பாட்டில் அந்த வாசலுக்கும் போகும். மறிக்கப் போவதில்லை.