எட்டாம் லயத்தின் புள்ளி

2007 ஒக்டோபர் 9, செவ்வாய்

புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்துவிட்டது. உக்குவளை பஸ்ஸில் போகவும் வரவும் நின்றபடிதான்.

இன்று ஜீபீஎஸ் கருவி என் பொறுப்பில் வந்தது. மஞ்சள் நிறம், உள்ளங்கைக்குள் அடங்குகிறது. வேலை இதுதான்: மண் சரியக்கூடிய மலைகளில் உள்ள ஒவ்வொரு லயத்தையும், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். ஆபத்துக் கோட்டுக்குள் விழும் லயங்கள் பட்டியலில் சேரும். பட்டியலில் இருந்தால் பெருமழைக்கு முன்பே ஆட்களை இடம் மாற்றுவார்கள், பிறகு வீடு கட்டப் புதுக் காணி. இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

பொறுப்பாளர் ஸெய்னுலாப்தீன் சேர் சொன்னது இரண்டே விஷயம். "லயத்து வாசல்ல நில்லுங்க புள்ள, தலைக்கு மேல வானம் தெரியணும். கருவி காட்டுற பிழை பத்து மீட்டருக்குக் கீழ எறங்குற வரைக்கும் எழுதாதீங்க."

அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டுதான் கருவியைத் தொட்டார். "நாம எங்க நிக்கிறோம்னு சொல்ல ஒரு மெஷினா? கேட்டா ஆளுங்க சொல்லமாட்டாங்களா?"

வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம்.

ஒக்டோபர் 11, வியாழன்

சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து என்னை மட்டும் இறக்கினார்கள். பையில் கருவி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். "இதிலிருந்து யாருக்குத் தகவல் போகிறது?" என்று சிங்களத்தில் கேட்டார் சிப்பாய். என் வயதுதான் இருக்கும்.

யாருக்கும் போகாது, இது கேட்க மட்டும்தான் செய்யும், ரேடியோ மாதிரி என்றேன். மேலே இருபதாயிரம் கிலோமீட்டரில் செய்மதிகள் சுற்றுகின்றன; ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும்; சொன்னது எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, கருவி தூரத்தைக் கணக்கிடும். வேலைக்கான நேர்முகத் தேர்வில்கூட இவ்வளவு பேசியதில்லை. சிப்பாய் அலுவலகக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். நாற்பது நிமிடம். பிறகு விட்டுவிட்டார்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்குப் போகவிட மாட்டார்கள்.

ஒக்டோபர் 20, சனி

ரோஸ்வத்தை தோட்டம், கீழ்ப்பிரிவு. ஏழு லயம் ஒழுங்காக முடிந்தது. எட்டாவதில்தான் சிக்கல். அங்கே வாசலில்தான் மலைத் தண்ணீர் கொட்டும் பீலி. சனிக்கிழமை அரைநாள் வேலை. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் பாவாடையை மார்பில் கட்டிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் கருவியை நீட்டியதும் ஒரே கூச்சல். சப்பாத்துப் போட்ட பெண் என்றால் அவர்களுக்கு டீச்சர்தான்.

"ஏய், டீச்சர் படம் புடிக்குதுடி!"

"புடிக்கட்டுமே. பேப்பர்ல போட்டா எனக்கு மாப்பிள்ள அமையும்" என்றாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு. அவள் பெயர் அழகாயி, நான்கு பிள்ளைகளின் தாய்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. லயத்தின் கோடிப்பக்கம் போய், மிளகுக்கொடி சுற்றிய பலாமரத்தடியில் நின்று கருவி காட்டிய எண்களை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 21, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. தூங்கினேன்.

நவம்பர் 1, வியாழன்

வரைபடம் தயார். எட்டாம் லயத்தின் புள்ளி சிவப்பு ஆபத்துக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது, மேட்டுப் பக்கம். அந்த லயத்தை நான் பார்த்திருக்கிறேன். மேடு எங்கே? லயம் இருப்பது ஓடைப் பள்ளத்தில்.

குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். மற்ற எல்லாவற்றுக்கும் பிழை ஆறு, எட்டு, ஏழு. எட்டாம் லயத்துக்கு முப்பத்தெட்டு. என் கையெழுத்துதான்.

பலாமரம் வானத்தை மறைத்திருக்கிறது. பக்கத்துப் பாறையில் பட்டுத் திரும்பிய செய்தியை, கருவி நேராக வந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு செக்கனைக் கோடித் துண்டாக்கி அதில் ஒரு துண்டு தாமதித்தால் போதும், தூரம் முப்பது மீட்டர் பிசகிவிடும். இதெல்லாம் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினதுதான். அப்புறம் ஏன் பாக்கல? ஒரு நிமிஷம் வாசல்ல நின்னா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

அந்த லயத்தில் ஆறு குடும்பம். செவ்வாய்க்கிழமை சேர் பட்டியலில் கையெழுத்து வைக்கிறார்.

நவம்பர் 2, வெள்ளி

முத்துமாரியம்மன் கோயிலில் யாரோ கையைப் பிடித்தார்கள். அழகாயி அக்கா. தீபாவளிச் சாமான் வாங்க வந்தாளாம், கடைசிப் பிள்ளை இடுப்பில்.

"டீச்சர், எங்க லயத்துப் பேரு வந்திருச்சா? மழைக்கு முன்னாடி கூட்டிட்டுப் போவாங்கன்னு கணக்கப்பிள்ளை சொன்னாரு."

"வந்துரும் அக்கா."

சந்நிதியில் நின்றுகொண்டு சொன்னேன்.

நவம்பர் 3, சனி

சொன்னால் வேலை போகலாம். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். சொல்லாவிட்டால் — யாருக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 5, திங்கள்

சொல்லிவிட்டேன். மேசைக்கு முன் நின்று, குறிப்புப் புத்தகத்தை விரித்து, அந்த முப்பத்தெட்டில் விரலை வைத்தேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் புள்ள மரத்தடிக்குப் போனீங்க?"

"வாசல்ல… குளிச்சிட்டிருந்தாங்க சேர்."

அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தையா, தெரியவில்லை. "பட்டியல நிப்பாட்டி வைக்கிறன். புதன் போய்த் திரும்ப எடுங்க. என்ன நடந்ததுன்னு நீங்களே கடிதமா எழுதித் தரணும். நிரந்தரமாக்குறது மூணு மாசம் தள்ளிப் போகும்."

வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன். மத்தியானம் நன்றாகப் பசித்தது.

நவம்பர் 7, புதன்

நாளை தீபாவளி. அதனால் பீலியில் இரட்டிப்புக் கூட்டம்.

அழகாயி அக்காவைத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கோயிலில் சொன்னது பொய் என்பதையும். வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"எங்க முதுகப் பாத்து வெக்கப்பட்டு, அந்தா நிக்கிற மலைய மறந்துட்டியாக்கும்."

அவள் திரும்பிக் குரல் கொடுத்தாள். "எல்லாரும் அந்தப் பக்கம் தள்ளுங்கடி! இந்தப் புள்ள நடுவுல நிக்கணும்."

சோப்பு நுரையில் கால் நனைய நின்றேன். திரையில் செய்மதிகள் ஒவ்வொன்றாக வந்தன.

"மேலருந்து நம்மளப் பாக்குதா?" பாவாடையை இழுத்துக் கட்டினாள் அக்கா.

"இல்லக்கா. அதுங்களுக்கு நம்மளத் தெரியாது. ஃபெக்டரி சங்கு ஊதுதுல்ல, அது மாதிரி. அது ஊதும், நாமதான் கேக்கணும். ஒரு சங்கு எவ்வளவு தள்ளியிருக்குன்னு தெரிஞ்சா போதாது. மூணு சங்கு மூணு பக்கம் ஊதினா நாம நிக்கிற இடம் புடிபடும்."

"இதுல எத்தன ஊதுது?"

"ஒம்பது. மூணோட நாலாவதா ஒண்ணும் கட்டாயம் வேணும். இதுக்குள்ள இருக்க கடிகாரம் அவ்வளவு சுத்தமில்ல, அதத் திருத்துறதுக்கு."

"கடிகாரமும் பிசகும், டீச்சரும் பிசகும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிழை ஆறு மீட்டர். புள்ளி சிவப்புக் கோட்டுக்குள்.

டிசம்பர் 18, செவ்வாய்

நான்காம் நாள் மழை. எட்டாம் லயத்தாரை நேற்றுப் பின்னேரமே, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்துக்கு மாற்றிவிட்டதாகச் சேர் சொன்னார்.

டிசம்பர் 22, சனி

ரோஸ்வத்தை. நவம்பரில் எடுத்த எண்களைக் கருவியில் கொடுத்துவிட்டு அம்புக்குறி காட்டிய பக்கம் நடந்தேன். முன்னூறு மீட்டர், நூறு, நாற்பது. நான்கு மீட்டர் என்று காட்டியபோது நின்றேன். கூரை இல்லை, சுவர் இல்லை. சரிந்து கிடந்த சிவப்பு மண். பலாமரம் வேரோடு ஓடைக்குள் கிடந்தது. மண்ணுக்கடியில் எங்கிருந்தோ பீலித் தண்ணீர் மட்டும் கசிந்து ஓடியது.

அழகாயி அக்கா பின்னாலேயே வந்திருந்தாள், கடைசிப் பிள்ளை இடுப்பில்.

"எங்க வீடு இருந்த எடத்தையும் எழுதிக்க டீச்சர்" என்றாள். "இன்னைக்கு யாரும் குளிக்கல. தைரியமா நில்லு."

செய்மதி ஒன்பது. பிழை ஐந்து மீட்டர். எழுதிக்கொண்டேன்.