கருவி பூஜ்யம் காட்டிய இடம்

அபர்டீன் பஜார்,
போர்ட் பிளேர்.
11-2-1974

அன்பு மகள் அஸ்மாவுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். அகமதாபாத்தில் குளிர் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். பார்த்தபோது அந்தப் பேப்பருக்கு மூன்று வாரம் வயதாகியிருந்தது. இருந்தாலும் கம்பளி போட்டுக்கொள்.

உன் கடிதம் போன கப்பலில் வந்தது. அமெரிக்காவில் ஒரு யூனிவர்சிடி உன்னை வேலைக்கு அழைத்திருப்பது சந்தோஷம். வியாழனுக்கும் சனிக்கும் போகப்போகிற விண்கலத்தில் ஏற்றுவதற்கு, அந்தக் கிரகங்களைச் சுற்றி ஓடும் மின்னூட்டத் துகள்களை அளக்கும் கருவி செய்யப்போகிறாய் என்று புரிந்துகொண்டேன். அது கிளம்பும்வரை மூன்று நான்கு வருஷம் ஊர் திரும்ப முடியாது என்றும் எழுதியிருக்கிறாய். அவ்வளவு தூரம் போய் அது என்ன கொண்டுவரும் என்று கேட்டார் அடுத்த வீட்டு ஜம்புலிங்கம். எண்ணிக்கை மட்டும்தான் என்றேன். "அதுக்கு இங்கேயே கப்பல் ஜெட்டியிலே உக்காந்து மீனை எண்ணலாமே பாய்" என்றார். அவரும் அரசாங்க ஆபீசில் பைல் எண்ணிக்கொண்டிருப்பவர்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

கடையில் வியாபாரம் பரவாயில்லை. கரண்ட் அடிக்கடி போவதால் பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்கு நல்ல கிராக்கி. மேண்டிலில் கொஞ்சம் கதிரியக்கம் இருப்பதால், அதைப் பக்கத்தில் வைத்தால் உன் லேபில் இருக்கும் கருவி டிக் டிக் என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறது, அதை வைத்துத்தான் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம் என்று நீ எழுதியதை மட்டும் நான் எந்தக் கஸ்டமரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரம் படுத்துவிடும்.

இனி நீ கேட்ட விஷயம். உம்மா உன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டிருந்தால் இங்கே வந்துவிட்டுப் போகிறேன், இல்லையென்றால் இப்படியே பம்பாயில் விமானம் ஏறிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

கேட்கவில்லை. இதில் பொய் எழுத எனக்கு வராது. நஜிமுதீனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீ சொல்லி, அவன் வாப்பாவான தன் தம்பி அலி அக்பருக்குக் கொடுத்த வாக்கை அவள் தலைகுனிந்து போய்த் திரும்ப வாங்கிவந்த நாளிலிருந்து, உன் பெயர் அவள் வாயில் வரவில்லை. நஜிமுதீன் வேறு பெண்ணைக் கட்டி பாம்பூஃப்ளாட்டில் சுகமாக இருக்கிறான். அவன் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது. அவனே உன்னை விசாரிக்கிறான், இவள் விசாரிப்பதில்லை. போன வாரம் சாத்தம் ஜெட்டியில் நீலாவதி டீச்சர் இவளைப் பிடித்துக்கொண்டு, "அஸ்மா அமெரிக்கா போறாளாமே" என்று கேட்டாள். "இன்னைக்கி ஃபெர்ரி ரொம்ப லேட்டு" என்றாள் உன் உம்மா.

ஆனால் உன் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. அமெரிக்கர்கள் முதலில் மேலே விட்ட செயற்கைக்கோளில் வைத்த எண்ணும் கருவியைப் பற்றி எழுதியிருந்தாய். தாழப் பறந்தவரை அது ஒழுங்காக எண்ணியது, உயரப் போகப்போக எண்ணிக்கையும் ஏறியது, இன்னும் உயரத்தில் திடீரென்று பூஜ்யம் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று சிலரும், அங்கே ஒன்றுமே இல்லை என்று சிலரும் நினைத்தார்களாம். கடைசியில் பார்த்தால், அங்கே துகள்கள் அளவுக்கு மீறி இருந்ததாம். ஒன்றை எண்ணி மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து விழ, கருவி திணறிப்போய் எண்ணுவதையே விட்டுவிட்டதாம். பூஜ்யம் எந்த வகைப் பூஜ்யம் என்று தெரிய அதன் இரண்டு ஓரத்தையும் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தாய்.

உன் படிப்பு எனக்குத் தெரியாது. பார்த்ததை எழுதுகிறேன்.

நீ மெட்ராஸில் படித்தபோது என் கடிதங்களின் அடியில் 'உம்மா சொல்லச் சொன்னது' என்று போட்டு இடம் விடுவேன். உம்மாவுக்கு குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுதத் தெரியாது, அதனால் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முதலில் இரண்டு வரி சொன்னாள். பிறகு பாதிப் பக்கம். நீ எம்.எஸ்ஸி. முடிக்கிற சமயத்தில் எனக்கு மேலே நாலு வரிதான் மிச்சம். அதற்குப் பிறகு நின்றுவிட்டது. இன்றுவரை இடம் விட்டுக் கேட்கிறேன். எழுந்து போய்விடுகிறாள். அந்த இடம் காலியாகத்தான் உனக்கு வந்துகொண்டிருக்கிறது.

இது ஒரு ஓரம். மற்றது போன மாதம் நீ கேட்ட மேண்டில் பார்சல். நான் அதைப் பழைய பேப்பரில் சுற்றிச் சணல் கட்டி மேஜையில் வைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் பேப்பரைக் காணோம். வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்திருந்தது. எறும்பு நுழைய முடியாத தையல். அது அவள் பெருநாளைக்குப் போர்த்திக்கொள்ள எடுத்த புதுத் துப்பட்டியில் கிழித்த துணி. பிரித்த துணியை நீ எறிந்திருந்தால் நஷ்டம் உன்னுடையது.

நடுவில் இருக்கிற பூஜ்யம் எந்த வகை என்று நீதான் சொல்லவேண்டும். சம்பளம் வாங்குவது நீ.

எனக்கும் உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. அதை நீ கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். அடுத்த கப்பல் மார்ச் முதல் வாரம் மெட்ராஸிலிருந்து கிளம்புகிறது என்று ஷிப்பிங் ஆபீசில் சொன்னார்கள். நீ வந்தால் ஜெட்டியில் நான் நிற்பேன். வராவிட்டாலும் கோபமில்லை. எந்த ஊரில் இருந்தாலும் அல்லாஹ் உன்னைக் காத்து, உன் கைவேலைக்கு பரக்கத் கொடுப்பானாக.

இப்படிக்கு,
உன் வாப்பா
அப்துல் குத்தூஸ்

உம்மா சொல்லச் சொன்னது:

மேலே எழுதியதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பூஜ்யக் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். எழுந்து அடுக்களைக்குப் போனாள். போனவள் திரும்பி வந்து, "ஒண்ணுமில்லேன்னு எழுதுங்க" என்றாள். எழுதுகிறேனா என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றுமில்லை.