ஒரு மூடித் தண்ணீர்

என் லூர்துவுக்கு,

முதலில் ஒரு மானக்கேடான சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ சிரிப்பாய். நீ சிரித்துவிட்டால் மிச்சத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

நாலைந்து மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்து முழங்கால் போட்டேன். நீ இருந்தவரை செபம் உன் இலாகா. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஃபேன் சுற்றுவதைப் பார்ப்பேன். இப்போது இரண்டு பேர் வேலையையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறதே. கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்தான் சொன்னேன்: "ஆண்டவரே, ராணிக்கு ரெண்டு மாசமாத் தள்ளிப் போயிருக்கு. இந்தத் தடவையாச்சும் கைய விட்டுறாதீங்க."

ஆயுசு முழுக்க மாவு மில்லில் நின்ற காது. மனதுக்குள் பேசுவதற்கும் வாய்விட்டுப் பேசுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை என்று நீ எத்தனை முறை திட்டியிருக்கிறாய். கண்ணைத் திறந்தால் பெண்கள் பக்கம் மொத்தமும் என்னைப் பார்க்கிறது. பீடத்தில் பங்குச் சாமியார் பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.

வெளியே வந்ததும் எதிர்வீட்டு ஞானம் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க ஆண்டவர்கிட்ட ரகசியம் சொன்னா ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது. ராணி மாமியாருக்கே இன்னும் தெரியாதாம்ல?"

"இந்நேரம் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

சாயங்காலம் ராணி போன் பண்ணினாள். "அப்பா, நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி எல்லாரும் என்னை விசாரிக்கிறாங்க. மைக்குலயா சொன்னீங்க?" திட்டிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று, லூர்து. அதற்காக ஊர் முழுக்க என்னைக் கேலி செய்தாலும் தகும் என்று இருந்தது.

பைபிளில் வருகிற அந்த அன்னாவின் கதையை நீ ராணிக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய். பிள்ளை இல்லாதவள். கோயிலில் போய் நின்று ஏங்கி ஏங்கிக் கேட்கிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. குரு அவளைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறார். நீ அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான், "ஏன், அந்தக் குருவுக்கு மோந்து பாக்கத் தெரியாதா?" என்று கேட்பேன். நீ கரண்டியை எடுப்பாய். பிறகு அவளுக்குச் சாமுவேல் பிறக்கிற இடத்தை நீ சொல்லும்போது உன் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். நமக்கு ராணி பிறக்கவே தாமதம்தானே. அதனால் அந்தக் கதை உனக்குச் சொந்தக் கதை.

ராணிக்குக் கல்யாணமான பிறகு நீ மறுபடியும் ஏங்க ஆரம்பித்தாய். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து பாலன் இயேசுவின் பாதத்தை முத்தி செய்ய வரிசை நிற்கும். எல்லோரும் குனிந்து, உதடு பட முத்தி செய்து, நகர்ந்துவிடுவார்கள். நீ மட்டும் அந்தச் சுரூபத்தின் காலைப் பிடித்தால் விடமாட்டாய். பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நிற்கும். "கொஞ்சம் நகருக்கா, பாலனுக்குக் கால் வலிக்கப் போவுது" என்று யாரோ சொன்னதற்குக் கோயிலே சிரித்தது. உனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் படுக்கையில் கிடந்தபோது பைபிளில் வருகிற சிமியோன் கிழவரைச் சொன்னாய். பிள்ளை இயேசுவைக் கண்ணால் பார்க்காமல் அவருக்குச் சாவு வராது என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவரும் கையில் ஏந்திவிட்டு, இனி என்னைப் போகவிடும் என்று நிம்மதியாகக் கேட்டார். "எனக்கும் அப்புடி ஒரு வாக்குக் குடுத்தா என்னங்க கொறஞ்சு போகுது?" என்று கேட்டாய். நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. நீ வெறும் கையோடுதான் போனாய். அது மட்டும் நினைவிருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ராணிக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறு தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் நான் மில்லில் இருக்கும்போது மாப்பிள்ளை ஆல்பர்ட் போனில் கூப்பிட்டார். "மாமா, ராணிக்கு வலி. தேங்காய் லோடை எறக்கிப் போட்டுட்டு அதே வண்டியில ஏத்திட்டேன். புதுக்கோட்டைக்குப் போறோம். நீங்க நேரா வந்துருங்க." கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினேன். முழங்கை வரை மாவு.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. டாக்டரம்மா மாப்பிள்ளையிடம் பொறுமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நுரையீரல் இன்னும் உருவாகவில்லை, செய்வதற்கு ஒன்றுமில்லை, மூச்சு இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரம்தான். நர்ஸ் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, "யாராச்சும் கையில வச்சுக்கங்கய்யா" என்றது. மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அந்த மாவுக் கையை நான்தான் நீட்டினேன்.

எடை போட்டுப் பழகிய கை, லூர்து. அரைக் கிலோ இருக்காது. தோல் சிவப்பாக, உள்ளே நரம்பெல்லாம் தெரிந்தது. கண் திறக்கவில்லை. நெஞ்சுக்கூடு எப்போதாவது ஒரு தடவை உள்ளே போய் வந்தது. அவ்வளவுதான் மூச்சு. ஆனால் விரல் பத்தும் இருந்தது, நகம்கூட இருந்தது.

நன்மை வாங்கப் படித்த வயதில் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு நின்றது ஒன்றே ஒன்றுதான். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் மூச்சு நிற்பதற்குள் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அப்படியே ஊற்றினால் அந்த எலுமிச்சம்பழத் தலை தாங்காதே என்று, மூடியில் கொஞ்சம் நர்ஸைப் பிடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

"ஆணாம்மா, பொண்ணாம்மா?" என்று கேட்டேன்.

"ஆம்பளப் புள்ளைங்க."

அங்கேதான் நின்றேன். பெயர் வேண்டுமே. பெயர் இல்லாமல் எப்படி ஞானஸ்நானம் கொடுப்பது? அந்தோணி என்று வைக்கலாமா, அது பங்காளி மகன் பெயர். சவரிமுத்து என்றால் ராணிக்குப் பிடிக்காது. மாப்பிள்ளையின் அப்பா பெயரை வைத்தால் அவர் வருத்தப்படுவாரா, சந்தோஷப்படுவாரா? மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பிறகு சாமுவேல் என்று தோன்றியது. உடனே, நம் ஊர்க் கோயிலில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லையே, சாமி ஒத்துக்கொள்வாரா என்று அதற்கும் ஒரு யோசனை. மூடியில் தண்ணீரை வைத்துக்கொண்டு பங்குப் பேரவைக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன், லூர்து. பத்தாவது பெயிலானவனுக்கு அந்த நேரத்தில்தான் அவ்வளவு அறிவு வந்தது.

கடைசியில், சாமுவேல் என்று சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று முறை ஊற்றினேன். தண்ணீர் தலையில் பட்டு என் மணிக்கட்டில் வழிந்தது. மாவு கரைந்து வெள்ளையாகச் சொட்டியது. அப்போதுதான் நெஞ்சைப் பார்த்தேன். அசையவில்லை. நர்ஸ் காதுக்குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது.

"எப்ப?"

"இப்பத்தான்யா."

"தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நெற்றியில் திருநீறு வைத்த நர்ஸ் பிள்ளை அது. பாவம், நான் என்ன கேட்கிறேன் என்றே அதற்குப் புரியவில்லை. "நான் கவனிக்கலையேய்யா" என்று சொல்லி என் தோளில் கை வைத்தது.

மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்தில் சாமி கேட்டார், "தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன் சாமி. பேரு தேடுனதுலதான் கொஞ்சம் நேரமாயிருச்சு."

"பேரு இல்லாட்டியும் செல்லும்ங்க. தண்ணியும் வார்த்தையும் போதும். நீங்க பேரும் வச்சுட்டீங்க, ரொம்ப நல்லது." இளவயதுச் சாமி. என்னைப் பாராட்டத்தான் சொன்னார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை தன் கையாலேயே பலகை அறுத்து அடித்த பெட்டி. உன் கால்மாட்டில் வைத்தோம். குழி வெட்டியவர் மண்வெட்டியைக் கழுவுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்று நான்தான் நினைத்தேன். ராணியை நம் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து ஞானம் வாசலில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மாமா, ராணிக்குப் பால் கட்டிக்கிருச்சு. நெஞ்சு கல்லா இருக்கு. காச்ச வேற. மல்லிகைப்பூ வாங்கிட்டு வாங்க, வச்சுக் கட்டுனா வத்திரும். நெறைய வாங்கியாங்க."

இந்த வேலையெல்லாம் நீ பார்க்க வேண்டியது. ஆலங்குடிக்குப் போனேன். உனக்கே நான் பூ வாங்கித் தந்தது அபூர்வம், விலை கேட்கக்கூடத் தெரியவில்லை.

"சரமாண்ணே, உதிரியா?" என்றது பூக்காரம்மா.

"உதிரி. நெறைய வேணும்."

"வீட்டுல விசேஷமா? பேரப்புள்ள வரப்போவுதுன்னு மில்லுல பேசிக்கிட்டாகளே, வந்துருச்சா?"

"வந்துச்சு" என்றேன்.

"என்ன புள்ள?"

"பையன்."

அந்த அம்மா இன்னும் இரண்டு கை அள்ளிப் பையில் போட்டது. "இது என் கணக்குண்ணே. ஆத்தாளும் புள்ளையும் நல்லா இருக்கட்டும்."

பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "நல்ல வாசனை" என்றார். அன்னாகூடப் பால்குடி மறக்கடித்த பிறகுதானே சாமுவேலைக் கொண்டுபோய்க் கோயிலில் விட்டாள். அதுவரை மடியில் வைத்திருந்தாளே. உன் மகளுக்கு அதுவும் இல்லை.

ஞானம் பூவை வைத்துக் கட்டிவிட்டுப் போன பிறகு ராணி என்னைக் கூப்பிட்டாள். அறை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணம்.

"அப்பா, நீங்க தண்ணி ஊத்துனப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சா?"

"தெரியலம்மா."

"பொய் சொல்லாதீங்க."

"பொய் சொல்றதா இருந்தா, இருந்துச்சுன்னுல்ல சொல்லியிருப்பேன்."

பெயர் தேடிக்கொண்டு நின்ற கதையைச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

"பேரு எதுக்குப்பா அந்த நேரத்துல? அம்மாவா இருந்தா ஊத்தியிருக்கும்."

"ஆமாம்மா. ஊத்தியிருப்பா."

"என்ன பேரு?"

சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "அவன் அம்மாகிட்டப் போயிருப்பானாப்பா?"

"சின்னப் புள்ளைகள ஆண்டவர் கைவிட மாட்டாருன்னு சாமி சொல்றாரு."

"சாமி சொல்றது இருக்கட்டும். அம்மா அவனத் தூக்கியிருக்குமா?"

அதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன். உடம்பு உன் கால்மாட்டுக்கு வந்து சேர்ந்தது, அதை நானே பார்த்தேன். மிச்சம் வந்ததா? வந்தபோது அவனை உனக்கு அடையாளம் தெரிந்ததா? மூக்கு அப்படியே ராணி மூக்கு. தலையில் தண்ணீர் ஈரம் இருந்திருக்க வேண்டும். அந்த ஈரத்தோடு வந்தானா, இல்லை அதற்கு முன்பே கிளம்பிவிட்டானா? உன்னால் சொல்ல முடியாது, தெரியும். கேட்காமல் இருக்க என்னாலும் முடியவில்லை.

இப்போது ராணி எழுந்து நடக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது. மாப்பிள்ளை லோடு இறக்கிவிட்டு சாயங்காலம் வருகிறார். இரண்டு பேரும் ஒரே தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஏதாவது உளறினால் மாப்பிள்ளை மட்டும் மரியாதைக்குச் சிரிக்கிறார்.

அவள் கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சட்டை மாட்டும்போது வேறு பக்கம் போய்விடுகிறாள். "ஆண்டவர் மேல கோவமாம்மா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "கோவமெல்லாம் இல்லப்பா. கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது" என்றாள். உன்னிடமிருந்து வந்த ஏக்கம்தானே அவளுக்கு. நீ அதை வைத்துச் செபம் செய்தாய். அவளிடம் ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதைக் கொண்டுபோய் வைக்க இடம் இல்லை.

கிறிஸ்துமஸ் வருகிறது. ஞானம் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது. நம் வீட்டில் இந்த வருடம் கட்டவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், லூர்து. அவளைக் கோயிலுக்கு வா என்று இழுக்க மாட்டேன். அவளாக வருகிற வரைக்கும் அவளுக்கும் சேர்த்து நான் போய்க் கேட்பேன். பாலன் பாதத்தை முத்தி செய்கிற வரிசையிலும் நிற்பேன். பின்னால் இருப்பவர்கள் என்ன சொன்னாலும் சரி.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் என் கையில் கிடந்தபோது பிதா சுதன் சொன்னேன், பெயர் சொன்னேன், அந்த நர்ஸ் பிள்ளையிடம் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். "அம்மாச்சிகிட்டப் போய்யா" என்று மட்டும் சொல்லவில்லை. நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் போய்விடுவானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், ராணியின் அப்பா, சாமுவேலின் தாத்தா