பூமாலை இன்னும் டூட்டியில் சேரவில்லை

சேசு மரி சூசை துணை

செஞ்சி ரோடு,
திண்டிவனம்.

அன்பு மகன் ஆஸ்வினுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே மெல்போர்னில் நீயும் மருமகள் பிரின்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் கேட்கிறேன், என்னால் முழங்கால் போட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் "சரிம்மா, மீட்டிங் இருக்கும்மா" என்பாய், வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாதல்லவா, அதனால்தான்.

பொங்கல் கழித்து பாண்டிச்சேரியில் எனக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் முதலில் வருகிறேன் என்றாய். பிறகு லீவு கிடைக்கவில்லை என்றாய். லீவு கேட்டாயா என்பதை மட்டும் இதுவரை சொல்லவில்லை. கடைசியில், கவலைப்படாதீர்கள் அம்மா, சென்னைக் கம்பெனி ஒன்றில், கூடவே இருந்து கவனித்துக்கொள்ள நல்ல அட்டெண்டராகப் பார்த்து புக் பண்ணிவிட்டேன், அப்பாவிடம் சொல்லாதீர்கள், கோபப்படுவார் என்று செய்தி அனுப்பினாய். கோபப்படாமல் இருப்பாரா? மார்த்தா ஏஜென்சி என்று போர்டு மாட்டி, ஊரில் யார் வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் வேண்டுமென்றாலும் குழந்தை பார்க்க ஆள் வேண்டுமென்றாலும் அனுப்பிவைக்கிற மனிதர். அவர் பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள அவர் பிள்ளை வெளிநாட்டிலிருந்து வேறு இடத்தில் ஆள் பிடித்தான் என்றால் எப்படி இருக்கும்? நானும் வாயைத் திறக்கவில்லை. அதன் பலனைக் கேள்.

மாவட்டத்தில் இருக்கிற வீட்டு வேலை ஏஜென்சிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்திருக்கிறார்களே ஒரு சங்கம், அதற்கு உன் அப்பாதான் செயலாளர் என்பது உனக்குத் தெரியும். பேருக்குத்தான் சங்கம், எந்தக் கூட்டத்துக்கும் ஒருவரும் வருவதில்லை. உன் சென்னைக் கம்பெனி இந்தப் பக்கத்து ஆர்டரை எல்லாம் சங்கத்தின் வழியாகத்தான் கொடுக்கிறது. இந்தத் தடவையும் கூட்டம் நடக்காவிட்டால் ஆர்டரைப் பாண்டிச்சேரிக்காரர்களிடம் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. விழுப்புரத்தில் மண்டபம் பிடித்து, உறுப்பினர் பங்கேற்பு நாள் என்று பேனர் அடித்து, பிரியாணி சொல்லி, வருகிறவர்களுக்கு அங்கேயே ஆர்டர் பிரித்துக் கொடுக்கப்படும் என்று குரூப்பில் போட்டார். எல்லாரும் கட்டாயம் வருகிறோம் என்று பதில் போட்டார்கள். ஆனால் இவர்கள் தொழில் என்ன? யாராவது கூப்பிட்டால் ஆள் அனுப்புவதுதானே! கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் கூட ஆள் அனுப்பிப் பழகியவர்கள். அன்றைக்குத் தங்களிடம் டூட்டி இல்லாமல் சும்மா இருந்த பெண்களைப் பஸ் ஏறச் சொல்லி அனுப்பிவிட்டு அவரவர் வீட்டில் இருந்துவிட்டார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் அறியார். அப்பா மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தால் நாற்காலி முழுக்கச் சமையல்காரிகளும் பிள்ளை பார்க்கிறவர்களும் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறவர்களுமாக நிறைந்திருக்கிறார்கள், முதலாளி என்று ஒருவர்கூட இல்லை. தலைவர் கோதண்டபாணியும் அவரிடம் சமையல் டூட்டி பார்க்கிற முனியம்மாளை "போயி என் சீட்ல குந்திக்கினு இரு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் சொன்ன சொல் தவறாமல் மேடையில் தலைவர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வந்திருப்பார்கள். உன் அப்பா சட்டம் பேசுகிறவர் அல்லவா! ஏஜென்சிக்கு ஒருவர் வந்திருக்கிறார், விதியில் முதலாளிதான் வரவேண்டும் என்று எங்கேயும் இல்லை, ஆகவே கூட்டம் செல்லும் என்று மைக்கில் அறிவித்துவிட்டார். பிரியாணி வீணாகிவிடும் என்ற பயமும் இருந்திருக்கும். தலைமையுரை ஆற்றச் சொன்னதற்கு முனியம்மாள் எழுந்து "எல்லாரும் சாப்டீங்களா" என்று கேட்டாளாம். இல்லை என்றார்கள். அப்புறம் என்ன, பேச்சுக்கு முன்னாலேயே பந்தி போட்டாயிற்று. சங்கம் ஆரம்பித்ததிலிருந்து உருப்படியான தலைமையுரை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, அப்பாவிடம் சொல்லிவிடாதே.

சாப்பிட்டு முடித்ததும் சென்னைக் கம்பெனிப் பெண்ணுக்குப் போன் போட்டு, போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார் அப்பா. அவள் ஒவ்வொரு வீடாகச் சொல்ல, வேண்டும் என்கிறவர்கள் கை தூக்க வேண்டும். பேரும் தெருவும் ஒத்துக்கொண்ட பிறகுதான் சொல்வார்களாம். வழக்கமாக முதலாளிகள் எல்லா ஆர்டருக்கும் கை தூக்குவார்கள், போகப்போவது அவர்கள் இல்லையே. அன்றைக்குப் போகிறவர்களே உட்கார்ந்திருந்ததால் இந்த வீட்டில் நாய் உண்டா, அந்த வீட்டில் எத்தனை மாடி என்று கேள்வி மேல் கேள்வி. அப்போது திண்டிவனத்தில் ஒரு வீடு வந்தது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், பேசிக்கொண்டே இருப்பார், பொறுமையாகக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார், காபி தாமதமானால் கத்துவார், மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே எங்கே என்று கேட்பார். மகன் வெளிநாட்டில், வர இயலாது. இப்படி அந்தப் பெண் சொன்னாளாம். இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்து அவள் சொன்னாள் என்று உனக்கே தெரியும். ஒரு கையும் எழவில்லை. உன் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு மைக்கில் "இப்படியும் ஒரு ஆம்பள கீறான் பாருங்க! பெண்டாட்டி கால் ஒடிஞ்சி கெடக்குது, இவனுக்குக் காபி கேக்குது! இவன மாரி ஆளுங்களாலதான் நம்ம தொழிலே ஓடிக்கினு கீது" என்று பேச, ஒரே கைதட்டல்.

அப்போது பூமாலை எழுந்திருக்கிறாள். கூட்டேரிப்பட்டு ஏஜென்சிக்கார வேங்கடேசன் அனுப்பிய அட்டெண்டர் இவள், ஐம்பதைத் தொட்டவள், சத்தமாகக்கூடப் பேசமாட்டாள். "நான் போறேன், ஆனா ரெண்டு கண்டிஷன்" என்றாளாம். அந்த வீட்டுக்காரர் தன் தட்டைத் தானே கழுவி, பெண்டாட்டிக்கும் அவரே காபி போட்டுக் கொடுக்க வேண்டும், அது ஒன்று. புக் பண்ணினவர் நேரில் வந்து, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னின்ன செய்யணும் என்று பூமாலையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவரை டூட்டியில் சேரமாட்டேன், அது இன்னொன்று. ஏன் என்று முனியம்மாள் கேட்டதற்கு "புள்ள மேல கீற கோவத்தயெல்லாம் எம்மேல காட்டறாங்கக்கா, கஞ்சி ஆறிப்போச்சின்னு அழுவறாங்க, கஞ்சி சூடாத்தான் கீது" என்றாளாம். மண்டபமே ஆமாம் ஆமாம் என்றது. உன் அப்பா உணர்ச்சிவசப்பட்டு "நூத்துக்கு நூறு கரெக்டு, பெத்தவளுக்கு ஆள் அனுப்பிட்டாப் போதுமா?" என்று கேட்டு, சங்கம் ஆள் அனுப்புகிற வீடு எல்லாவற்றுக்கும் இனி இதுதான் விதி என்று தீர்மானம் போட்டு, கையெழுத்தும் வைத்து, சீலும் குத்திவிட்டார்.

மறுநாள் புது விதிப்படி போகிற முதல் டூட்டி என்று பூமாலையைத் தானே கொண்டுபோய் விடுவதாக ஏற்றுக்கொண்டார். கம்பெனி, பேஷண்டின் பேரைப் பூமாலையின் போனுக்கும் மேப்பை இவர் போனுக்கும் அனுப்பியிருந்தது. தென்னரசு ஆட்டோவில் மேப்பைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டே வந்தவர், ஆட்டோ நம் தெருவில் திரும்பியதும் "பேஜாரு புடிச்ச மேப்பு, நம்ம ஊட்டுக்கே இஸ்துக்கினு வருது" என்று திட்டியிருக்கிறார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னைப் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை. நேரே எதிர்வீட்டு முத்துசாமி வாத்தியார் கதவைத் தட்டினார். அவர் மனைவிக்கும் மூட்டு வலி அல்லவா. வாத்தியார் வெளியே வந்ததும் "ஏன் சார், படிச்ச மனுஷன், இப்படியா இருப்பீங்க, உங்க சங்கதி விழுப்புரம் வரைக்கும் நாறுது" என்று பிடித்துக்கொண்டார். பாவம், அந்த மனிதர் கையில் துடைப்பத்தோடு நிற்கிறார், வீடு பெருக்கிக்கொண்டிருந்தவர்! பூமாலைதான் போனைப் பார்த்து, பேஷண்ட் பேரு அமல்ராணின்னு போட்டிருக்கே என்றாள். அப்பா தலையைத் தடவினார். மூக்குக்கண்ணாடி கையில் சிக்கியது. எனக்குச் சிரித்துச் சிரித்து முழங்கால் வலியே மறந்துவிட்டது.

விஷயம் தெரிந்து கோதண்டபாணி போனில் குதித்தார், தீர்மானத்தை ரத்து பண்ணு என்று. பொதுக்குழு போட்டதைப் பொதுக்குழுதான் ரத்து பண்ண முடியும், எல்லாரும் நேரில் வாருங்கள் என்றார் அப்பா. நேரமில்லை, வேண்டுமானால் ஆள் அனுப்புகிறேன் என்கிறார் அவர். ஆகவே தீர்மானம் நிற்கிறது. பூமாலையும் நம் வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் டூட்டியில் சேரவில்லை, புக் பண்ணின ஆள் வரவேண்டுமாம். கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கிறாள், அப்பா வேகவைத்துக் கொடுக்கிற மல்லாட்டையை உரித்து, கடலையில் எனக்குப் பாதி கொடுக்கிறாள். அப்பா தட்டைக் கழுவுகிறார், காபி போடுகிறார். காபி குடிக்கிற மாதிரி இல்லை. கையெழுத்து போட்டவன் நான்தானே என்று மட்டும் சொல்லிக்கொள்கிறார்.

ஆஸ்வின், சிரித்தாயா? சிரி. இப்போது நான் சொல்வதையும் கேள். எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பார்கள் என்றதிலிருந்து இந்தப் பயம். பூமாலையிடம் ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஆபரேஷன் அறைக் கதவைச் சாத்துவதற்கு முன் நர்ஸ் வெளியே வந்து "ஊட்டு ஆளு யாரு" என்று கேட்பாளாம். அட்டெண்டர் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் அப்போது ஒதுங்கித்தான் நிற்க வேண்டுமாம். அப்பா இருக்கிறாரே என்பாய். எனக்கு ரத்தம் எடுக்கப் போன அன்றைக்கு ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்து பெஞ்சில் படுத்தவர் அவர்தான், நான்தான் விசிறினேன். அந்த நர்ஸ் கேட்கும்போது நீ "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அது உன் அப்பாவின் ஏஜென்சியிலும் கிடைக்காது, உன் சென்னைக் கம்பெனியிலும் கிடைக்காது. லீவு கேள். ஒரு தடவை வாய்விட்டுக் கேள்.

பிரின்சியை வேளைக்குச் சாப்பிடச் சொல், குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே விடாதே. அங்கே இப்போது வெயில்காலம் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது, இருந்தாலும் சொல். திருக்குடும்பம் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். டிக்கெட் எடுத்ததும் முதலில் பூமாலைக்குத் தகவல் சொல், அவள்தான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில்.

உன்னையே எதிர்பார்த்திருக்கும் அம்மா,
அமல்ராணி தொம்மை

பி.கு.: அப்பா பக்கத்தில் நின்று இதை முழுக்கப் படித்துவிட்டார். கோபப்படுவார் என்று பார்த்தால் சட்டையை எடுத்து மாட்டினார். வெயிலாக இருக்கிறது, தென்னரசிடம் கொடுத்தால் தபாலில் போட்டுவிடுவான் என்றேன். "வேணாம், இத நானே போயிப் போட்டுட்டு வர்றேன்" என்கிறார்.